குன்னூர் ஏற்றத்தில் சைக்கிள்: பிளாட்பாரமா, ரோடா?

மலைமிதி: பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு ஏறும்போது சைக்கிள் பிளாட்பாரத்தில்தான் போகணும் என்பது என் கட்சி. ஏற்றத்தில் மணிக்கு 6, 7 கி.மீ.தான் வரும், வேகநடையைவிடக் கொஞ்சம்தான் கூட. அந்த வேகத்தில் ரோட்டில் போனால் பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் உரசிக்கொண்டுதான் முந்தும். இறக்கத்துக்கு இதைச் சொல்லலை. 25 கி.மீ. வேகத்தில், கண் பார்த்துக் கை பிரேக்கை அழுத்துவதற்குள் 7 மீட்டர் ஓடிவிடும். அப்படி வரும் சைக்கிளுக்குப் பிளாட்பாரத்தில் இடமே இல்லை.

கோத்தகிரிக்காரன்: வேகம் குறைஞ்சா ஆபத்தும் குறையும்னு எப்படிச் சொல்றீங்க? மெதுவா மிதிக்கும்போதுதான் ஹேண்டில் இடமும் வலமும் ஆடும். 60 செ.மீ. ஹேண்டிலுக்கு ஒரு மீட்டராவது வேணும். சாலை எப்படி அமையணும்னு தரம் வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குக் கேட்பதே குறைந்தது 1.8 மீட்டர். பாதிக்கு மேல் சைக்கிள் எடுத்துக்கிட்டா, எதிரே பையோடு வர்ற பாட்டி எங்கே ஒதுங்குவாங்க?

அப்புறம், நம்ம பக்கம் பிளாட்பாரம் பல இடத்தில் சாக்கடை மேல் போட்ட ஸ்லாப். இடைவெளி சக்கரம் போற திசையிலேயே நீளமா இருந்தா 28 மி.மீ. டயர் உள்ளே இறங்கிடும்; சக்கரம் நிற்கும், ஆள் நிற்க மாட்டார். மழைக்காலத்தில் பாசி வேற. இதையெல்லாம்விட மோசம், மின்கம்பம் வழியை அடைக்கிற இடம். விளிம்பிலிருந்து திடீர்னு ரோட்டில் இறங்கணும். பின்னால் வர்ற டிரைவர் கண்ணில் அதுவரை அந்தச் சைக்கிள் பட்டிருக்கவே பட்டிருக்காது.

மலைமிதி: ஸ்லாப் இடைவெளியை 40 மி.மீ. டயர் பெரும்பாலும் தாண்டிடும். பஸ்ஸுக்கு அப்படி என்ன மாற்று? இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் ஏறும் நீளமான பஸ் முதலில் வலப்பக்கம் அகலமாக ஒடிக்கும். இடப்பக்கம் தாராளமாக இடம் தெரியும், சைக்கிள் நுழையும். ஆனால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும்.

கோத்தகிரிக்காரன்: சரியாச் சொன்னீங்க, ஆனா பர்லியாறு பக்கத்து வளைவுகளில் பிளாட்பாரம் எங்கேங்க இருக்கு? அதை ரோட்டில்தான் சமாளிக்கணும். பின்னால் பஸ் சத்தம் கேட்டா வளைவுக்கு முன்னாடியே ஒதுங்கி நின்னுடணும். பஸ் முழுசா நேராகும்வரை உள்பக்கம் நுழையக் கூடாது. நேர் ரோட்டில் ஓரத்து ஜல்லியிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, கோடு மாறாமல் போகணும். ஓரத்தை ஒட்டினா, எதிரே வண்டி வரும்போதே இடுக்கில் முந்தப் பார்ப்பாங்க. மேகம் இறங்கினா பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியணும்.

நடந்து_போகிறவள்: ரெண்டு பேரும் ஓட்டுறவங்க பக்கமே பேசறீங்க. காது மந்தமான பெரியவர் பின்னால் வர்ற சைக்கிளை எப்படி அறிவார்? பக்கத்தில் வந்து மணி அடிச்சா, பதறி ரோட்டுப் பக்கமே காலை வைப்பார். மிதிக்க முடியலைன்னா இறங்கித் தள்ளுங்க.

மலைமிதி: பெரியவர்கள் தள்ளட்டும், அம்மா. ஆனால் பத்து வயசுப் பிள்ளையிடம் 'பஸ்ஸுக்கு முன்னால் முக்கால் மீட்டர் தள்ளி ஓட்டு' என்று நான் சொல்ல மாட்டேன். பிளாட்பாரத்தில் நடை வேகத்தில் போகட்டும். ஆள் எதிரே வந்தால் காலை ஊன்றி நிற்கட்டும்.

கோத்தகிரிக்காரன்: பிள்ளைக்கு மட்டும் ஒத்துக்கறேன். அதுவும் லாட்ஜ் கேட், கடை வாசல் எல்லாத்திலும் இறங்கித் தள்ளணும். ரிவர்ஸில் கார் எடுக்கிறவர் ரோட்டைத்தான் பார்ப்பார், பிளாட்பாரத்தில் சைக்கிளை எதிர்பார்க்கவே மாட்டார்.