படித்தவனுக்கு இனவெறி வராதாம்!

கூர்முனை:
பக்கத்துத் திரியில் ஒரு மகானுபாவர் அருளியிருக்கிறார்: "இனவெறி படிக்காதவன் வியாதி. நாலு நல்ல புத்தகம் கொடுங்கள், தானாகப் போய்விடும்." அதுக்கு 63 லைக்! ஐயா, 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் ஓரம் வான்சே மாளிகையில் யூதர்களைக் கொன்றொழிக்க உட்கார்ந்து பேசிய நாஜி அதிகாரிகள் 15 பேர். அதில் 8 பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். பாதி யூதரை என்ன செய்வது, கால் யூதரை என்ன செய்வது என்று சட்ட நுணுக்கம் பேசினார்கள். இவர்களுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பீர்கள்?

வாசிப்பாளினி:
அந்த "மகானுபாவர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாமே, என்ன பயம்? அதே கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதிய நாஜி அதிகாரி ஐக்மன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவன். அது மட்டும் உங்கள் கண்ணில் படாது.

கூர்முனை:
மினிட்ஸ் எழுதினவனைப் பற்றி யார் கேட்டா? பதினைந்தில் எட்டு. பாதிக்கு மேல். அதுக்குப் பதில் சொல்லுங்க.

வாசிப்பாளினி:
நான் சொல்லும் படிப்பு டிகிரி இல்லை. 1968ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டம் உசத்தி, இன்னொன்று மட்டம். மட்டமான கூட்டம் பேப்பர் கப்பில்தான் தண்ணீர் குடிக்கணும். ஒட்டி உறவாடிய பிள்ளைகள் அன்றைக்கே ஒன்றையொன்று ஏளனம் செய்தன. பிறகு அப்படியே மாற்றிப் போட்டார். பட்டாதானே தெரியும்? அது படிப்பு.

பழைய பேனா:
எட்டு வயசுப் பிள்ளையை எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டுவது படிப்பா? பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களாமா?

கூர்முனை:
பேனா அண்ணே, திரியைத் திருப்பாதீங்க. 8 பேருக்கு இன்னும் பதில் வரலை.

பழைய பேனா:
நான் திருப்புறேனா? போன மாசம் என் பின்னூட்டத்தைப் பாதியா வெட்டி ஸ்கிரீன்ஷாட் போட்டது யாராம்?

நடுவுல நான்:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. அமெரிக்க உளவியலாளர் ஆல்போர்ட் 1954லேயே எழுதிட்டார். சமமான அந்தஸ்து, பொதுவான குறிக்கோள், சேர்ந்து உழைப்பது, மேலிடத்து ஆதரவு, இந்த நாலும் இருந்தா பழகப் பழக வெறுப்பு குறையும்.

கூர்முனை:
பழகினா குறையுமா? முதல் உலகப் போரில் சுமார் 1 லட்சம் யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தாங்க. ஒரே பதுங்குகுழி, ஒரே சாவு. அப்புறம் என்ன ஆச்சு?

நடுவுல நான்:
அதுக்குத்தானே நாலாவது நிபந்தனை! 1935ல் யூதர்களின் குடியுரிமையைப் பறிச்ச நியூரம்பெர்க் சட்டம் போட்டதே மேலிடம். ஒழுங்கா படிச்சா புரியும்.

கூர்முனை:
"படிச்சா புரியும்". வந்துட்டார்யா இன்னொருத்தர்! அந்த எட்டுப் பேரும் படிச்சவங்கதான் சார்.

வாசிப்பாளினி:
எட்டு, எட்டு, எட்டு. கிளிக்குக்கூட இரண்டாவது வார்த்தை தெரியும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே விஷம் என்றால் பட்டம் என்ன செய்யும்?

கூர்முனை:
அம்மணி, அந்த எட்டில் பெரும்பாலோர் ஹிட்லர் ஆட்சிக்கு வரும் முன்பே பட்டம் வாங்கினவங்க. நாஜிப் பாடப் புத்தகம் படிச்சு வளர்ந்தவங்க இல்லை.

வாசிப்பாளினி:
முதலில் அம்மணி என்பதை நிறுத்துங்கள். யூத வெறுப்பு என்ன 1933ல்தான் பிறந்ததா? சரி, உங்கள் தீர்வு என்ன? பள்ளிக்கூடத்தையெல்லாம் பூட்டிடலாமா?

கூர்முனை:
தீர்வு சொல்றேன்னு நான் எங்கே சொன்னேன்? "படிக்காதவன் வியாதி"ன்னு எழுதினது தப்புன்னு ஒரு வரி போடுங்க, போயிடறேன்.

வாசிப்பாளினி:
போட மாட்டேன். இப்போது 71 லைக், போய்ப் பாருங்கள்.

பழைய பேனா:
ஸ்கிரீன்ஷாட் விஷயம் என்னாச்சு?

கூர்முனை:
அதில் இருந்தது நீங்க எழுதினதுதானே அண்ணே.

பழைய பேனா:
பாதி!