பழைய ஜென் காரின் உட்புற பிளாஸ்டிக்கை பெங்களூருவில் யார் சரிசெய்வார்கள்?

அல்சூரில் மரமில்லாத தெருவில் நின்று நின்று, எங்கள் 2002 மாருதி ஜென்னின் உட்புறம் வெயிலுக்கு இரையாகிவிட்டது. டாஷ்போர்டின் மேல்பகுதி வெளுத்து, துடைத்தால் துணியில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுப் பலகையில், கிளிப் மாட்டும் இடத்திலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை; அதனால் விற்க மனம் வரவில்லை.

பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பின்புறம் 'பிபி' என்று அச்சாகியிருக்கிறது, அதாவது பாலிப்ரோப்பிலீன். ஏபிஎஸ் என்னும் வேறு வகை பிளாஸ்டிக்காக இருந்தால் அசிட்டோனில் கரைத்தே ஒட்டிவிடலாம். பாலிப்ரோப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது; சூடான காற்றில் அதே வகை பிளாஸ்டிக் கம்பியை உருக்கித்தான் இணைக்க வேண்டும். இந்த வெல்டிங்கைப் பொறுமையாகச் செய்பவர் யாராவது ஜே.சி. சாலைப் பக்கம் இருக்கிறாரா? பம்பர் ஒட்டுபவர்கள் பலர் உண்டு, ஆனால் மெல்லிய பலகை என்றால் பொத்தலாக்கிவிடுவார்களோ என்று பயம்.

சிவாஜிநகர் குஜிரியில் (பழைய உதிரிபாகச் சந்தை) பழைய பலகை வாங்கலாம் என்கிறார் மெக்கானிக். அதுவும் வெயில் குடித்ததாகத்தானே இருக்கும்?

வண்ணம் அடித்தவர்களிடம் இன்னொரு கேள்வி: பாலிப்ரோப்பிலீனுக்கான பிரைமர் இங்கே எந்தக் கடையில் கிடைக்கிறது? முன்பு பூசிய சிலிக்கான் பாலிஷை முழுவதும் எடுக்க ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் மட்டும் போதுமா?

செலவு விவரமும் சொன்னால் நல்லது. உறை போட்டு மறைத்துவிடு என்பவர்கள் மட்டும் பொறுத்தருள்க.