பனங்கொட்டைக் கரியும் கிணற்று நீரும்: உதவி தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். பனங்கொட்டை ஓட்டையும் நெல் உமியையும் காற்றுப் புகாத தகர டின்னில் சுட்டுக் கரியாக்கி, அது நீரிலுள்ள ஈயம், கட்மியம் ஆகிய நச்சு உலோகங்களை எவ்வளவு பிடிக்கிறது என்று பிள்ளைகள் ஆராய்கிறார்கள்.

கரியின் நுண்துளைகள் மட்டும் போதாது. மேற்பரப்பிலுள்ள ஒட்சிசன் கொண்ட அணுக் கூட்டங்கள்தாம் உலோக அயன்களைப் பற்றிக்கொள்கின்றன. நீரில் அமிலத்தன்மை கூடினால் ஐதரசன் அயன்கள் அந்த இடங்களுக்குப் போட்டியிடும். எங்கள் கிணற்று நீரோ கடினநீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியமும் போட்டிக்கு வரும். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் கிடைக்கும் முடிவை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. ஊர்க் கிணற்று நீரிலேயே சோதிக்க வேண்டும்.

சிக்கல் அளவீட்டில்தான். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், கட்மியத்துக்கு 3. பாடசாலை ஆய்வுகூடத்தில் அவ்வளவு நுண்ணிய அளவைப் பார்க்க வழியில்லை. அணு உறிஞ்சல் நிறமாலைமானி (மிகச் சிறிய உலோக அளவையும் காட்டும் கருவி) உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பணிபுரிவோர் யாராவது சில மாதிரிகளைச் சோதித்துத் தர முடியுமா? கட்டணம் இருந்தாலும் சொல்லுங்கள், திரட்டிக்கொள்வோம்.

இன்னொன்று, உலோகம் ஏறிய கரியை என்ன செய்வது? தோட்டத்தில் கொட்ட விடமாட்டேன். இப்போதைக்கு மூடிய போத்தலில் வைத்திருக்கிறோம். முறையாக அகற்றத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இதைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் கரியில் நீரை வடித்துக் குடிக்க வேண்டாம். சோதனை இன்னும் முடியவில்லை.