கேஸ் மேனேஜர் வேலை: முதல் வீட்டுச் சந்திப்பில் எதைப் பார்க்கணும்?

பொருநைக்கரை:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடிச்சு, முக்கூடல் பக்கம் மனநலக் கேஸ் மேனேஜராச் சேரப்போறேன். மருந்து கொடுக்கிறது டாக்டர், பேசுறது சைக்காலஜிஸ்ட், அப்போ ஒனக்கு என்ன வேலைன்னு வீட்லயே கேக்காங்க. முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போனா எதைப் பார்க்கணும், எங்க சறுக்கும்?

சுளகு:
அமெரிக்காவுல பெரிய மனநல ஆஸ்பத்திரிகளைக் காலி பண்ணி ஆட்களை ஊருக்கு அனுப்பினப்போ, மருந்துக்கு ஒரு இடம், தங்க ஒரு இடம், உதவித்தொகைக்கு ஒரு இடம்னு அலைஞ்சாங்க. அதையெல்லாம் ஒரே ஆள் சேர்த்துப் பிடிக்க வந்த வேலை இது.

போனதும் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்க. தினம் ஒண்ணுன்னு 30 கொடுத்து 28 நாள் ஆச்சு, 11 மிச்சம் இருக்குன்னா 9 நாள் போடலை. "ஏன் போடல"ன்னு கேட்டா "போடுதேன்"னுதான் பதில் வரும். "எந்த வேளை போட்டா வேலைக்கு இடைஞ்சல்"னு கேளுங்க. பீடி சுத்துற வீடுகள்ல பதில் கையிலயே தெரியும். மனச்சிதைவுக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துல சிலருக்கு விரல் இறுகும், நடுங்கும். இலையில தூளை வச்சு உருட்டி நுனியை மடக்க வராது. ஆயிரம் சுத்துன கை அறுநூறுல நிக்கும், கூலி குறையும், மாத்திரையும் நிக்கும். நோட்டுல "ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதாதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை பீடி குறைஞ்சுதுன்னு எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. அளவையோ மருந்தையோ மாத்துறது அவர் பாடு.

மஞ்சள்_அட்டை:
அண்ணாச்சி சொன்னதோட லித்தியத்தையும் சேர்த்துக்கோங்க. மனசு ரொம்ப ஏறுறதும் இறங்குறதுமா இருக்கிற இருமுனை நோய்க்குக் கொடுக்கிற மருந்து. ரத்தத்துல அது எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். கடைசி வேளை போட்டு 12 மணி நேரம் கழிச்சுத்தான் ரத்தம் எடுக்கணும். காலை மாத்திரையை முழுங்கிட்டுப் போனா அளவு கூடுதலாக் காட்டும். வயித்துப்போக்கு, வெயில்ல தண்ணி குடிக்காம வேலை, மெடிக்கல்ல கேட்டு வாங்குற டைக்ளோபினாக், மூணுமே ரத்தத்துல லித்தியத்தை ஏத்தும். கை பெருசா நடுங்கி, நடை தள்ளாடி, நாக்கு குழறினா குடிச்சிருக்கான்னு விட்டுராதீங்க. அடுத்த வேளை கொடுக்காம அப்பவே ஆஸ்பத்திரி.

அப்புறம் கோயில் கொடை, அதான் நம்ம பக்கத்துக் கோயில் திருவிழா. ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டும் மேளமும். இருமுனை நோய் உள்ளவங்களுக்குத் தூக்கம் கெட்டா வேகம் ஏறிரும். போகாதேன்னா எடுபடாது. மதியக் கொடை பார்த்துட்டு, நடுராத்திரி சாமக் கொடைக்கு முந்தி வீட்டுக்கு வந்து படுக்கட்டும்னு வீட்டாரோட முன்கூட்டியே பேசி வைங்க.

பொருநைக்கரை:
நன்றி. மனநோய்க்கு ஊனச் சான்றிதழ் வாங்குறதுல எங்க அடி விழுது?

சுளகு:
தன் வேலையைத் தானே பார்க்கிறது, ஆளோட பழகுறது, பேசிப் புரிஞ்சுக்கிறது, உழைப்பு. இந்த நாலுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண், முடியாமை கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். நோய் எத்தனை வருஷம்ங்கிறதுக்குத் தனி மதிப்பெண். கூட்டி 7 வந்தா 40 சதவீத ஊனம். சான்றிதழ் கொடுக்கிற மெடிக்கல் போர்டுல டாக்டர் "தானாக் குளிப்பாரா?"ன்னு கேப்பார். நாலு பேர் முன்னால கூசிக்கிட்டு அம்மா "அதெல்லாம் குளிச்சிருவான்"னுவாங்க. அங்கேயே மதிப்பெண் போச்சு. போன வாரம் எத்தனை நாள் குளிச்சான், எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்துச்சுன்னு முந்தின நாளே எண்ணி எழுதி, அம்மா கையில கொடுத்து அனுப்புங்க.