பள்ளி ஆண்டு மலர்: அச்சகச் சொற்களுக்கு விளக்கம் தேவை

கேள்வி (கொழிஞ்சாம்பாறை ஆசிரியை):
பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் தமிழ்வழிப் பள்ளியின் ஆண்டு மலர்ப் பொறுப்பு இம்முறை எனக்கு வந்திருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் பக்கங்கள் உண்டு. டம்மி, பாரம், பிளீடு, ராப்பர் என்று அச்சகத்தார் கேட்பவற்றை மாணவர் குழுவுக்கும் விளங்கும்படி யாரேனும் சொல்ல இயலுமா?

மறுமொழி 1 (அச்சகப் பணியாளர்):
வணக்கம் டீச்சர். டம்மியிலிருந்து தொடங்குங்கள், வெறுந்தாள்களை மடித்து, தலைமையாசிரியர் உரை எங்கே, வகுப்புப் படங்கள் எங்கே என்று பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறித்த மாதிரி நூலே அது. ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதி பாரம். பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கம். நடுவில் கம்பிப் பின் அடிப்பதானால் மொத்தப் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும். ராப்பர் என்பது மேலட்டை. விளிம்புவரை வரும் படத்தை, வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாதபடி, வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி வைப்பதே பிளீடு.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
ஏ4 பக்கம் முழுவதும் நிறையும் படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது மொத்தம் 2480 × 3508 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மெய்ப்பு பார்ப்பதுதான், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவது. நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகளின் பெயர்களில் தலைப்பெழுத்து சிலருக்கு முன்னாலும் சிலருக்குப் பின்னாலும் வருவதால், குழுப்படத்தின் கீழ் ‘நிற்போர், இடமிருந்து வலம்’ என அச்சாகும் ஒவ்வொரு பெயரையும் வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, அந்தந்த மாணவரிடமே காட்டி ஒப்பம் பெறுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. டம்மியை நாளையே மாணவரிடம் தருகிறேன்.