கவின்கலைப் படிப்பும் கடற்கரைக் குடும்பமும்: மருமகளைச் சென்னைக்கு அனுப்பலாமா?

மண்டபம் தாய்மாமன்:

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தங்கையின் மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். செவிலியர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போதுமான மதிப்பெண் இருந்தும், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்காண்டு ஓவியப் பட்டப்படிப்பில்தான் சேர்வேன் என்று உறுதியாக நிற்கிறாள். தாய்மாமன் என்ற முறையில் இந்த முடிவில் எனக்கும் பொறுப்பு இருக்கிறது.

என் மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வீட்டுக்குக் கடல் வருமானம் கிடையாது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணமும் வட்டிக்கு வாங்கும் பணமும்தான் அடுப்பை எரிய வைக்கின்றன. மற்ற மாதங்களிலும் படகு கரை திரும்பும் வரை இலங்கைக் கடற்படை பிடித்துவிடுமோ என்ற அச்சத்தோடுதான் வீட்டார் காத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தின் முதல் பட்டதாரி, படித்து முடித்ததும் சம்பளம் வாங்கக்கூடிய படிப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைக்குக் கைத்திறன் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் திறன் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு என்ன வேலையாக மாறும் என்பதை, அந்தத் துறையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரண்மனைத் தெரு ஓவியர்:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து, இப்போது இராமநாதபுரத்தில் இருந்துகொண்டே பள்ளி நூல்களுக்கான படங்களும் அருங்காட்சியகங்களுக்கான காட்சிப் பலகைகளும் வரைந்து பிழைக்கிறேன். உங்கள் மருமகளை அனுப்ப வேண்டும் என்பதே என் எண்ணம்.

கவின்கலை என்றதும் நம் ஊரில் ஓவிய ஆசிரியர் வேலை ஒன்றையே நினைக்கிறார்கள். சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டபோதே, கலையையும் கைத்தொழிலையும் சேர்த்துக் கற்பிக்கும் இடமாகத்தான் உருவானது. இன்றும் அங்கே ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு சுடுமண், துணி வடிவமைப்பு, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன்) ஆகிய பிரிவுகளும் உள்ளன. தேசிய விருது பெற்ற கலை இயக்குநர் தோட்டா தரணி அங்கே படித்தவர். பெயர் பெற்ற ஒரு கலை இயக்குநருக்குப் பின்னால் அரங்கத்தின் வரைபடம் போடுகிறவர், திரைச்சீலை தீட்டுகிறவர், அச்சு வார்க்கிறவர் எனப் பலர் வேலை செய்கிறார்கள் என்பதையும், அவர்களில் கவின்கலை படித்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதையும் நம் பக்கத்துப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை.

நம் மாவட்டத்திலேயே இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. இராமநாதபுரம் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்தின் சுவர்களில், இங்கு ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்து 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், அரசவைக் காட்சிகளும், இராமாயணமும் தீட்டப்பட்டுள்ள அந்தச் சுவர்களைப் பேணுவதற்குச் சுண்ணாம்புப் பூச்சின் தன்மையும் பழைய நிறங்களின் தன்மையும் அறிந்தவர்கள் வேண்டும். அந்தப் பேணல் கலையை நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பாகவே கற்பிக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப் பாறைகளையும் கடற்புற்களையும் மீன்களையும் செதில் பிசகாமல் வரைந்து தரக்கூடியவர்களுக்கும் ஆய்வு நூல்களிலும் விளக்க மையங்களிலும் இடம் உண்டு. மீன்பிடித் துறைமுகத்தின் அருகில் வளர்ந்த பெண் அந்த வேலையைச் செய்யும்போது, மீனைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவர் தர முடியாத ஒன்றைத் தருவாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொண்டி ஓவிய ஆசிரியை:

தம்பி சொல்லும் வேலைகள் இருக்கின்றன என்பது உண்மைதான். அவை எத்தனை பேருக்குக் கிடைக்கின்றன, எத்தனை ஆண்டு காத்திருந்தால் கிடைக்கின்றன என்பதை அவர் சொல்லவில்லை. நான் 2012இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டவர்களில் ஒருத்தி. வாரத்தில் மூன்று அரைநாள் பணி. அன்றைய மாத ஊதியம் 5,000 ரூபாய். பிறகு படிப்படியாக உயர்ந்து 12,500 ரூபாய்க்கு வந்தது. பல போராட்டங்களுக்குப் பிறகும் பணி நிரந்தரத்துக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்கிறோம். முறையான நியமனம் என்று பார்த்தால், 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர்களுக்குத் தேர்வு நடத்தியபோது ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆகிய நான்கையும் சேர்த்து மாநிலம் முழுமைக்கும் அறிவிக்கப்பட்ட இடங்கள் 1,325 மட்டுமே. கேந்திரிய வித்யாலயாவில் ஓவிய ஆசிரியருக்கு அடிப்படை ஊதியமே 44,900 ரூபாய் என்றாலும், அந்த இடங்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி இருக்கிறது.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். என்னோடு படித்த பெண்களில் என்னைவிட நன்றாக வரைந்தவர்கள் இருந்தார்கள். படிப்பு முடிந்ததும் ஊருக்கு அழைத்து வரப்பட்டு, திருமணத்துக்குப் பிறகு தூரிகையை எடுக்காமலே போனவர்கள் அவர்களில் பலர். இந்தத் துறையில் வேலை என்பது வெளியூரில் தங்கி, அறிமுகங்களைத் தேடி, ஒரு பணி முடியும்போதே அடுத்த பணியைக் கேட்டு வாங்குவது. அதற்குக் குடும்பம் ஒத்துக்கொள்ளாது என்றால் அனுப்பவே வேண்டாம். நான்கு ஆண்டு ஆசை காட்டிவிட்டுத் திருப்பி அழைப்பது அவளுக்குச் செய்யும் கொடுமை.

கீழக்கரை வடிவமைப்பாளர்:

நான் வணிகவியல் படித்தவன். வடிவமைப்பு மென்பொருள்களை நானே கற்றுக்கொண்டு துபாயில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிறுவனத்தில் யாரும் என் பட்டத்தைக் கேட்டதில்லை. செய்து முடித்த வேலைகளைத்தான் காட்டச் சொன்னார்கள். ஆகவே அந்தப் பெண் இராமநாதபுரத்திலேயே ஏதாவது ஒரு பட்டம் படித்துக்கொண்டு வரைகலையைத் தனியாகக் கற்கலாம். அதோடு, சொன்னதும் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு சுவரொட்டி, சின்னம், அழைப்பிதழ் போன்ற சிறு வேலைகள் கண்ணெதிரே குறைந்து வருகின்றன. புதிதாக வருகிறவர்கள் காலூன்றியது அந்தச் சிறு வேலைகளில்தான். அதை எண்ணாமல் நான்கு ஆண்டுகளைச் செலவிடுவது சரியல்ல.

அரண்மனைத் தெரு ஓவியர்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொல்வதிலிருந்தே என் பதிலைத் தொடங்குகிறேன். மென்பொருள் மட்டும் தெரிந்தவரின் வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுக்கிறது. உங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களை அருகில் நின்று அளந்து, சிதைந்த பகுதி எது, பின்னால் பூசப்பட்டது எது என்று பிரித்து வரைகிற வேலையை எங்கோ இருக்கும் கணினி செய்ய முடியாது. உயிருள்ள உருவத்தை எதிரில் வைத்து நாள்தோறும் வரைகிற பயிற்சியும், குறை சொல்லும் ஆசிரியரும், உடன் படிப்பவர்களின் போட்டியும் தனியாக அறையில் உட்கார்ந்து கற்பவருக்குக் கிடைப்பது அரிது.

ஆசிரியை அக்காவின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது அரசுப் பணியின் கணக்கு. இந்தத் துறையில் பிழைத்தவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்தான் பிழைத்தார்கள். சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது, அங்கு குடியேறியவர்கள் ஓவியம் விற்றுச் சாப்பிடவில்லை. மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக் துணியும் உலோகக் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில்தான் ஓவியம் வரைந்தார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வண்ணமும் தாளும் சென்னையில் தங்கும் செலவும்தான் பாரம். அரசு மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தால் அதிலும் பாதி குறையும்.

தொண்டி ஓவிய ஆசிரியை:

தம்பி, சோழமண்டலத்தை நீங்கள் துணைக்கு அழைத்தது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. நாட்டின் முன்னணி ஓவியர்களே துணிக்கு மெழுகு பூசித்தான் சாப்பிட்டார்கள் என்றால், தங்கச்சிமடத்துப் பிள்ளை ஓவியப் பிரிவை மட்டும் நம்பிப் போகக் கூடாது. துணி வடிவமைப்போ காட்சிவழித் தகவல் வடிவமைப்போ எடுத்தால், முதல் வேலைக்கு ஒரு வாசலாவது திறந்திருக்கும். ஓவியம் வரைவதை அந்தப் படிப்பு தடுத்துவிடாது.

மண்டபம் தாய்மாமன்:

எல்லோரும் எழுதியதை என் தங்கைக்கும் மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. செவிலியர் படிப்புக்கும் கவின்கலைக் கல்லூரியின் திறனறித் தேர்வுக்கும் இரண்டுக்குமே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். வடிவமைப்புப் பிரிவில் இடம் கிடைத்தால் அனுப்புவது, ஓவியப் பிரிவு மட்டும்தான் கிடைக்கும் என்றால் செவிலியர் படிப்பில் சேர்ப்பது என்று வீட்டில் பேசியிருக்கிறோம். படிப்பு முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வெளியூரில் இருக்க விட வேண்டும் என்று அவள் கேட்கிறாள். ஆசிரியை அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அரண்மனைத் தெரு ஓவியர்:

அண்ணன், இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்ததை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஓவியப் பிரிவு என்றால் அனுப்ப மாட்டோம் என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை. நான் படித்ததே ஓவியப் பிரிவில்தான். இன்று எனக்குச் சோறு போடும் நூல் படங்களும் காட்சிப் பலகைகளும் அந்தப் பயிற்சியிலிருந்து வந்தவைதான். தேர்வுக்கு முன்பாக அவள் வரைந்தவற்றை இராமநாதபுரத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். அவளுடைய கை எந்தப் பிரிவுக்குப் பொருந்தும் என்பதை ஆசிரியை அக்காவும் நானும் சேர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம். அதுவரை செவிலியர் விண்ணப்பமும் இருக்கட்டும்.