ரோஜா இலையில் வெள்ளைப் பொடி, கந்தகம் அடிக்கலாமா?

வணக்கம். மதுரை திருநகரில், கண்ணாடி அடைத்த பால்கனியில் 12 தொட்டி ரோஜா வைத்திருக்கிறேன். பத்து நாளாகக் கொழுந்தெல்லாம் விபூதி பூசின மாதிரி இருக்கு. மொட்டுக் காம்பிலும் ஏறிடுச்சு. சாம்பல் நோய்தான். இலை நனையாமலே பரவுகிற பூஞ்சை இது, அடைசலான இடம் அதற்கு ரொம்பத் தோது. ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டிருக்கேன், கெட்ட இலைகளை வெட்டி எறிஞ்சாச்சு.

உரக்கடையில் நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகம்), லிட்டருக்கு 2 கிராம் என்கிறார்கள். ஆனால் போன வாரம்தான் வேப்பெண்ணெய் அடித்தேன். எண்ணெய் பட்ட இலையில் உடனே கந்தகம் அடித்தால் கருகிடும். நம்ம ஊர் வெயிலுக்கும் அது பயம்தான். எத்தனை நாள் பொறுக்கணும்? மாமியாருக்கு வேறு ஆஸ்துமா, கந்தகத்தூள் ஒத்துக்குமான்னு பயமா இருக்கு. புளித்த மோர்க் கரைசலில் யாருக்காவது கட்டுப்பட்டிருக்கா? இந்தத் தொட்டிகளில் ஒன்று அம்மா நட்ட பன்னீர் ரோஜா. அதை மட்டுமாவது காப்பாத்தணும்.